செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு ஒரு தலை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்திருக்கிறேன். ஒருவர் நடுக்கடலில் தத்தளித்துக் கரை சேர்ந்திருப்பார். இன்னொருவர் ஓடுகிற ரயிலில் பிரசவம் பார்த்திருப்பார். எனக்கு நடந்தது ஒரு தலைமயிர் வெட்டு. அதுவும் என் தலை கூட இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தேன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பின் வாசல் வரை என்பதுதான் சரி. பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும், அவருக்கும் ஏதாவது வேலை வேண்டாமா என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

போன வருடம் ஓகஸ்ட் மாதக் கடைசி. பாரிஸ், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பல். பிள்ளையார் தேருக்கு இன்னும் எட்டு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை.

நான் வேலை செய்கிற சலூனில் இரண்டு கதிரை. ஒன்று முதலாளி அண்ணைக்கு, மற்றது எனக்கு. அண்ணை இருபது வருடமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறவர். நான் தொழில் பழகியது ஸ்தேன் புறநகரில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஐந்து பேரின் தலையில். அதில் மூன்று பேர் இன்னும் என்னோடு கதைக்கிறார்கள்.

எங்கள் சலூனில் நேரம் குறித்துக்கொண்டு வருகிற வழக்கமே கிடையாது. கதவைத் தள்ளி வரலாம், இருக்கலாம், பேப்பர் பார்க்கலாம், அரசியல் கதைக்கலாம், தலைமயிர் வெட்டாமலே எழும்பியும் போகலாம். வெட்ட இரண்டு பேர் வந்தால் கதைக்க ஐந்து பேர் வருவார்கள். ஆனால் அன்றைக்குத் தேர் அவசரம். இருந்த ஏழு பேரும் உண்மையாகவே வெட்டத்தான் வந்திருந்தார்கள்.

மத்தியானம் போல ஒருவர் கதவைத் திறந்தார். ரொமா இனத்து ஆள். எங்கள் ஆக்கள் 'றுமேனியாக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அடுத்த நொடி காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அவரை எனக்கு முகத்தால் தெரியாது, தள்ளுவண்டியால் தெரியும். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையப் பக்கமிருந்து சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்றில் பழைய இரும்பு, வயர்ச் சுருள், உடைந்த உடுப்புத் தோய்க்கிற மெசின் என்று ஏற்றித் தினமும் எங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். கார் நிறுத்துவது போல முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தரம் இழுத்து, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்து 'பொன்ஜூர்' சொன்னார். தலைமயிர் காதை மூடி, பிடரியில் சுருண்டு கிடந்தது.

ஏழு பேரில் நாலு பேரின் கை தானாகப் பொக்கற்றுக்குப் போனது. மற்ற மூன்று பேரின் பொக்கற்றில் ஒன்றும் இருந்திருக்காது.

அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஏதாவது சொல்லி அனுப்படா. ஒருத்தரை இருத்தினால் நாளைக்கு முழுப்பேரும் வந்து நிப்பினம்."

ஏதாவது சொல்லி அனுப்புவது என் துறை. படிப்பில் விட்டதையெல்லாம் அதில்தான் பிடித்திருக்கிறேன்.

"முஸ்யூ, இங்கே ரொந்தேவு இருந்தால் மட்டும்தான்" என்றேன். ரொந்தேவு என்றால் முன்கூட்டியே நேரம் குறித்து வருவது. பிரான்சில் அந்தச் சொல்லைச் சொன்னால் எதிரில் நிற்கிறவர் வாயைத் திறக்க முடியாது.

அவர் ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவர்கள் எல்லோருக்கும் ரொந்தேவு இருக்கிறதா?"

"எல்லோருக்கும்."

காலையிலிருந்து குந்தியிருந்து, ராசிபலனில் தொடங்கி மரண அறிவித்தல் வரை பேப்பரை முடித்திருந்த ஒருவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, ஒரு நீதிபதி மாதிரி "உய்... உய்..." என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார்.

"சரி, அப்படியென்றால் எனக்கும் ஒரு ரொந்தேவு தாருங்கள்" என்றார் அவர்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பின்வாங்கினால் ஏழு பேருக்கு முன்னால் என் மரியாதை என்ன ஆவது? சுவரில் நகைக்கடை தந்த நாட்காட்டி தொங்கியது. அதைப் பெரிய கொப்பி மாதிரிப் புரட்டிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, கொஞ்சம் யோசித்து, ஒரு பழைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: செவ்வாய், 10.20.

ஏன் செவ்வாய்? செவ்வாய்க்கிழமை எங்கள் ஆக்கள் தலையில் கத்தரிக்கோல் வைக்க மாட்டார்கள். எங்கள் கடை அன்றைக்குப் பூட்டு. ஏன் பத்து இருபது? பத்தரை என்றால் பொய் மாதிரி இருக்கும். பத்து இருபது என்றால் யாரோ உண்மையாகவே பார்த்துக் கொடுத்த மாதிரி இருக்கும். அதோடு விட்டேனா? மேசை லாச்சியைத் திறந்து கடைச் சீலை எடுத்து, வாயால் ஊதி, 'டம்' என்று ஒரு குத்துக் குத்தினேன்.

அவர் அதை இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பொத்தானையும் பூட்டி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'மெர்சி' சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் கடை வெடித்தது. இருமியவர் கண்ணைத் துடைத்தார். "சீலும் குத்திப்போட்டானடா பாவி!" என்று அண்ணை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் பட்டம் வாங்கியவன் போல நின்றேன்.

மூலையில் அதிகம் கதைக்காத ஒருவர் இருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஊரிலையும் சில சலூனிலை, சில ஆக்களைக் கண்டால் கத்தரிக்கோல் மொட்டையெண்டு சொல்லித் திருப்பி அனுப்பினவங்கள்" என்றார். "நீ பரவாயில்லைத் தம்பி. ரொந்தேவு எண்ட அளவுக்கு முன்னேறிட்டாய்."

அண்ணை டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் துணியை உதறிவிட்டு, "அடுத்தது வாங்கோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு என்றுதான் நினைத்திருந்தேன். தேருக்கு முன்னம் கண்ணாடியெல்லாம் கழுவ வேண்டும் என்று அண்ணை என்னைக் காலையிலேயே வரச்சொல்லிவிட்டார். கிழிந்த ரீசேட், பழைய காற்சட்டை, கையில் வாளி. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டுக் கண்ணாடி முழுவதும் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்தேன். செய்த பகிடியை மறந்தே போயிருந்தேன்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு சப்பாத்து வந்து நின்றது. மினுக்கிய சப்பாத்து. பிறகு ஒரு தலை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"பொன்ஜூர். ரொந்தேவு."

போனைப் பார்த்தேன். 10.20. எங்கள் ஆக்களுக்குக் கலியாண முகூர்த்தத்துக்குக் கூட இப்படி நேரத்துக்கு வரத் தெரியாது. அந்தக் கடை தொடங்கிய காலத்திலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

"இன்றைக்குப் பூட்டு, முஸ்யூ" என்றேன்.

அவர் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றி, தாளை எடுத்து விரித்தார். என் கையெழுத்து. எங்கள் சீல். இந்த நாட்டில் சீல் குத்திய பேப்பர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு சீலுக்காக எத்தனை கதவுக்கு முன்னால் நானே நின்றிருக்கிறேன். அதைப் பார்த்து 'இது செல்லாது' என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்பு அப்படியே நின்றது. கையில் தடித்த ஒரு கோப்பு. அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒரே வகுப்பில் பெயிலானவை, அதனால் நன்றாக விளங்கியது.

"பதினொன்றரைக்கு நகரசபையில் எனக்கு இன்னொரு ரொந்தேவு. மகளைப் பள்ளிக்கூடத்தில் பதிய. ஆறு வயது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இரண்டு தரம் போய்விட்டேன். இரண்டு தரமும் முதலில் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு பேப்பரைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பேப்பர் குறைகிறது என்றார்கள். இந்தத் தரம் பேப்பர் எல்லாம் இருக்கிறது." தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் மிச்சம்."

கோப்பைத் திறந்தும் காட்டினார். ஒவ்வொரு பேப்பரும் பிளாஸ்டிக் உறைக்குள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. என் கட்டிலுக்குக் கீழேயும் இதே மாதிரி ஒரு கோப்பு இருக்கிறது. என் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க நேரம் எடுப்பதற்காக எட்டு மாதம் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தவன் நான். 'நேரம் இல்லை, பிறகு முயற்சி செய்யவும்.' எட்டு மாதமும் அதே வசனம். அந்த அட்டை கொடுக்கிற கந்தோரில் குந்தியிருந்து இதைச் சொல்லுகிறவன் எப்படி இருப்பான், என்ன முகம் வைத்திருப்பான் என்று யோசித்து யோசித்துத் திட்டியிருக்கிறேன்.

கண்ணாடியில் நுரை வழிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் துடைத்தேன். நான் திட்டிய அந்த முகம் தெரிந்தது.

"இருங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக் கதிரையைக் காட்டினேன்.

துணியைப் போர்த்தி, மெசினைப் போட்டு ஒரு பக்கம் ஏற்றியிருப்பேன், போன் அடித்தது. அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோ கோல். எடுக்காவிட்டால் பிள்ளை செத்துப்போனான் என்று முடிவு கட்டிவிடுவார். கண்ணாடிக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்தேன்.

"எடேய், இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லோ! ஆற்றை தலையிலையடா கை வைக்கிறாய்?"

"வேலையம்மா."

"நாள் கிழமை தெரியாதே உனக்கு? இஞ்சை திருப்பு போனை." கதிரையில் இருந்தவர் பக்கம் போனைத் திருப்பினேன். அவர் துணிக்குள் இருந்து கையெடுத்து 'பொன்ஜூர் மதாம்' என்றார். அம்மா உற்றுப் பார்த்தார். "ஆரடா இது? எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு. சாவகச்சேரிப் பக்கமோ?"

"இல்லையம்மா. வேற நாட்டுக்காரர்."

"சும்மா விடாதை. மூக்கைப் பார், எங்கடை ஆக்கள்தான். தம்பி, சாப்பிட்டியளோ?"

தம்பி ஒன்றும் விளங்காமல் பெரிதாகச் சிரித்தார். நான் மகளின் பள்ளிக்கூட விசயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குள் செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூடமும் அடிபடுவது தெரிந்தது.

"பிள்ளையின்ரை அலுவலெண்டால் பிறகென்ன நாள்" என்றார் கடைசியில். "வடிவா வெட்டிவிடு. உன்ரை கூத்தொண்டும் காட்டாதை."

கூத்து ஒன்றும் காட்டவில்லை. ஆனால் பதற்றத்தில் கை தவறி, பிடரியில் மெசின் ஒரு இடத்தில் ஏறி ஒரு இடத்தில் இறங்கிவிட்டது. சரிசெய்யப் போய் இன்னொரு படி விழுந்தது. அந்தப் படியைச் சரிசெய்ய இன்னொன்று. பதினொன்றாக இருபது நிமிடம் இருந்தது. ஒரு பக்கம் மனிதர், மறுபக்கம் காடு, நடுவில் படிக்கட்டு. அந்த நேரம் பார்த்து ஷட்டர் முழுதாக மேலே போனது.

அண்ணை.

கதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே நின்ற தள்ளுவண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"ரொந்தேவு அண்ணை."

"என்ன ரொந்தேவு? பூட்டின கடையிலை என்ன ரொந்தேவு? அண்டைக்கே சொன்னனான். எங்கடை ஆக்கள் கண்டால் தேர்க் கிழமையிலை ஒருத்தனும் இந்தக் கதிரையிலை இருக்கமாட்டான். எழுப்பி அனுப்பு."

"பாதியிலை எப்பிடி அண்ணை எழுப்புறது? ஒரு பக்கம்தானே வெட்டியிருக்கு."

தமிழ் விளங்காவிட்டாலும் தொனி விளங்குமே. அவர் எழும்பவில்லை. கோப்பை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அந்தச் சீல் குத்திய தாளைக் கண்ணாடி மேசையில், அண்ணை பக்கமாகத் திருப்பி வைத்தார். அண்ணை அதை எடுத்து வாசித்தார். தன் கடைச் சீலை விரலால் தடவினார். நான் பிள்ளை, பள்ளிக்கூடம், பதினொன்றரை என்று அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

அண்ணையின் கண் அவரது பிடரிக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"இதென்னடா வெட்டு?"

"கை கொஞ்சம்..."

"கை கொஞ்சமோ? இதைக் கொண்டு இந்தாள் வெளியிலை போனால், எங்கை வெட்டினதெண்டு கேக்கிறவனுக்கு என்ர கடையைத்தானே காட்டுவான்! தள்ளடா அங்காலை."

எழுப்பி அனுப்பச் சொன்ன மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். அடுத்த கால் மணித்தியாலத்துக்குள் என் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காதோரம் கத்தியால் கோடு பிடித்தார். சூடான துவாய் வைத்தார். பவுடர் போட்டார். மாப்பிள்ளைகளுக்கு மட்டும் பூசுகிற ஒரு வாசனைத் தண்ணி லாச்சியில் இருக்கிறது. அதைக் கூடத் தொட்டு வைத்தார். கடைசியில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டி, "சவா?" என்று, சரிதானே என்ற மாதிரிக் கேட்டார். கதிரையில் இருந்தவர் தன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போக எழும்பியவர் வாசலில் நின்றார். தள்ளுவண்டி. நகரசபைக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. தெருவில் விட்டால் திரும்பி வரும்போது இருக்காது. அண்ணை என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரொந்தேவு குடுத்தவன் பார்த்துக்கொள்ளட்டும்."

அப்படித்தான் நான் அந்தத் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லா ஷப்பல் தெருவில் நின்றேன். கிழிந்த ரீசேட், நுரை பிடித்த காற்சட்டை, பக்கத்தில் பழைய இரும்பு. கொஞ்சத் தூரம் தள்ளி மரக்கறிக் கடை வைத்திருக்கிற ஒரு அக்கா வந்தார். தினமும் என்னைக் கண்டால் வடை தருகிறவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் தொங்கிய கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றி, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

"அக்கா!" என்றேன்.

நின்று திரும்பினார். "ஐயோ தம்பி, நீயே! நான்..."

"நான் என்னக்கா?"

"ஒண்டுமில்லை. வெயில்" என்றார். அன்று வானம் முழுக்க மப்பு.

உள்ளே கதவோரம் நின்ற அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனி நீயும் ரொந்தேவு இருந்தால்தான் உள்ளை வரலாம்" என்றார். நானும் சிரித்தேன். வழக்கமாக நான்தான் மற்றவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்குகிறவன். மறுபக்கத்தில் நின்று சிரிப்பது அவ்வளவு சுகமில்லை என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பை தோள் மாறியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒரு மணி தாண்டி, தெரு முனையில் அவர் தெரிந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணை வெளியே வந்து, காரணமில்லாமல் தன் தலையை ஒரு தரம் சீவிக்கொண்டார். தள்ளுவண்டிக்காரர் பக்கத்தில் வந்து கோப்பைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒரு தாளைக் காட்டினார். மகள் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"தலையைப் பாத்தவையோ எண்டு கேள்" என்றார் அண்ணை.

கேட்டேன்.

"பார்த்தார்கள்" என்றார் அவர். "இந்தத் தரம் சீக்கிரம் பேப்பருக்கு வந்துவிட்டார்கள்."

வெட்டினதால் கிடைத்ததா, பேப்பர் முழுக்க இருந்ததால் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளை படிக்க அதன் அப்பன் ஏன் தலைமயிர் வெட்ட வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது. அண்ணைக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "என்ர கத்தரிக்கோல்" என்று இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறார்.

அதற்குப் பிறகு அந்தத் தள்ளுவண்டிக்காரர் மாதம் ஒரு தரம் வருகிறார், கடை திறந்திருக்கிற நாளில். உள்ளே வந்ததும் 'ஆர் கடைசி?' என்று தமிழில் கேட்டு, அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார். முதல் இரண்டு மாதம் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி மற்றப் பக்கம் மாறினார்கள். ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். "அவனுக்கு முழு மொட்டை. வந்தென்ன, வராட்டி என்ன" என்றார் அண்ணை. அண்ணை பயந்தது போல முழுப்பேரும் வந்து நிற்கவும் இல்லை. தள்ளுவண்டிக்காரர் ஒரே ஒரு தரம் தன் தம்பியைக் கூட்டி வந்தார். அந்தத் தம்பிக்கு என் வெட்டுப் பிடிக்கவில்லை.

நான் இன்னும் பகிடி விடுகிறவன்தான், அது ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஏழு பேரைச் சிரிக்க வைத்த ஒரு பகிடியில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால், எனக்கு அது தெரியாமல் போனதை விட, எதற்காக வந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

எழுதி முடித்ததும், ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிற ஒரு கூட்டாளிக்கு வட்ஸ்அப்பில் இதை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது.

"எல்லாம் சரி மச்சான், வருசம் ஒண்டாகுது, அந்தாளின்ரை பேர் என்ன?"